மாதிரி எண் 217

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடி.
ராத்திரி இரண்டே கால்.
ஓணத்துக்கு இன்னும் மூன்று நாள்.
பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த டேங்கர்கள்
விளக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கின்றன.
ஷிஜோ குப்பியில் பாலைக் கொண்டுவருகிறான்.
நான் அதன் எண்களை
வெறும் எழுத்துக் கோப்பில் அடிக்கிறேன்.

ஒரு நெடுக்குக் கோடு, வண்டி எண்.
ஒரு நெடுக்குக் கோடு, கொழுப்பு.
ஒரு நெடுக்குக் கோடு, வெப்பம்.
டேப் பொத்தானைத் தட்டினால்
பந்தியில் இலை விழுந்ததும் நகர்ந்து உட்காருகிறவர்கள் போல
வரிசை தானாகச் சரியாகும்.

எண்கள் உட்காரும்.
பெயர்கள் உட்காராது.
கொம்பையும் புள்ளியையும் தனித்தனி ஆளாகத்
தலை எண்ணுகிறது எடிட்டர்.
சென்னியப்பனுக்குக் கோடு உள்ளே வாங்கும்,
கௌசல்யா பால் பண்ணைக்கு வெளியே பிதுங்கும்.
ஷிஜோ எட்டிப் பார்த்தான்:
'எந்தா இது, காத்தடிச்ச வேலியா?'

போன வருஷம் நானும் பொறுக்காமல்
இடைவெளியைத் தட்டித் தட்டி நேராக்கினேன்,
விடியும்வரைக்கும்.
தாளில் வந்தபோது கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு.
இப்போது தொடுவதில்லை.
திரையில் கோணலாகவே கிடக்கட்டும்,
கட்டத்தின் கணக்கு சரியாயிருந்தால்
அச்சில் நேராக வரும்.
இதை நம்ப எனக்கு ஒரு ஓணம் பிடித்தது.

நம்பினாலும் முதல் பிரதி பல்லிளித்தது.
தலைப்பில் கொழுப்புக்குப் பக்கத்தில்
ஒரு சதவீதக் குறி போட்டிருந்தேன்.
அதற்குப் பின்னாலிருந்த ஏழு தலைப்பையும் காணோம்,
விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை மென்பொருள்.
'ரங்கே கவுண்டர் & சன்ஸ்' என்றிருந்த இடத்தில்
நடுக் குறியைக் கட்டச் சுவரென்று எடுத்துக்கொண்டு
பாகப்பிரிவினை செய்துவிட்டது.
அப்பன் பெயர் நிரலில்,
பிள்ளைகள் வண்டி எண்ணில்.
குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு வைத்தேன்.
ஒரே குடும்பமானார்கள்.

பதினோரு நிரல்.
பத்து தாளுக்குள் நிற்க, 'குறிப்பு' மட்டும்
ஓரத்தைத் தாண்டி அந்தரத்தில்.
பக்கத்தைப் படுக்கவைக்கலாம்.
ரெமா மேடம் கழுத்தைச் சாய்த்துப் படிக்க மாட்டார்.
மூன்று சென்டிமீட்டர் தருகிறேன்
அதற்குள் மடங்கிப் படு என்றேன்.
படுத்தது.
தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக
பால் சொட்டினாற்போல் இறங்கின.

மேலே ஒரு கோடு, தலைப்புக்கடியில் ஒன்று,
முடிவில் ஒன்று. அவ்வளவுதான் அச்சில்.
நான் அடித்த ஐயாயிரம் நெடுக்குக் கோட்டில்
ஒன்றும் தாள்வரை போகவில்லை.
வெளியே குறுக்குக் கம்பம்
ஏறுகிறது, இறங்குகிறது.
கம்பத்துக்கு இந்தப் பக்கம் சாயா,
அந்தப் பக்கம் டீ.
இரண்டு கடைக்கும் ஒரே வண்டியில்தான் பால்.

217இல் ஒரு கட்டம் காலி.
வியாழக்கிழமை, சென்னியப்பன் லோடு,
ஷிஜோவின் கையிலிருந்து குப்பி நழுவியது.
இன்னொன்று எடுப்பதற்குள்
யாரோ கம்பத்தைத் தூக்கிவிட்டார்கள்.

மேடம் போனில் சொன்னார்,
'காலியாயிட்டு விடண்டா, ஒரு பூஜ்யம் போடு.'
'பூஜ்யம்னா தண்ணின்னு அர்த்தம் மேடம்.
சென்னியப்பன் வண்டிக்கு நாளைக்கு வழி கிடையாது.'
கொஞ்ச நேரம் அவருடைய மின்விசிறிச் சத்தம் கேட்டது.
'எந்தெங்கிலும் செய்யூ.'

பூஜ்யம் இருந்திருக்கவேண்டிய இடத்தில்
சின்னதாய் ஒரு கிடைக்கோடு போட்டேன்.
அதன் தோளில் ஒரு நட்சத்திரம்.
அடிக்குறிப்பு:
குப்பி உடைந்தது, அளக்கவில்லை.

பதின்மூன்று பக்கத்தில் முடிந்த அட்டவணை
அந்த ஒரு வரிக்காகப்
பதினான்காவது தாளைக் கேட்டது.
வரியிடையைக் கால் புள்ளி குறைத்தால்
மேலே ஏறிவிடும், தெரியும்.
ஷிஜோ தாளை வாங்கிப் படித்தான்.
யார் கை என்று அதில் இல்லை.
திருப்பிக் கொடுத்துவிட்டு
அடுத்த குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஹாரன்.
நெடுக்குக் கோடு, 413,
நெடுக்குக் கோடு,
வண்டி எண் என்னங்க அண்ணா?